‘ஷவ்’ என்றொரு சொல்

ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டு வேறு வேறாக ஒலிக்கும் சொற்கள் பல உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பை ‘ஸ்டோவ்’ என்கிறோம். நகர்வதை ‘மூவ்’ என்கிறோம். இவ்விரண்டு சொற்களின் வாலிலும் இருப்பவை ஓ, வி, இ என்னும் அதே மூன்று எழுத்துகள்தாம். அந்த வாலோடு வரும் மற்றொரு சொல் ‘ஷவ்’. இதனை ‘ஷோவ்’ என்றும் படிக்கக் கூடாது, ‘ஷூவ்’ என்றும் படிக்கக் கூடாது. ‘லவ்’ என்பதோடு இயைபு சேர்த்துப் படிக்க வேண்டும். அன்பைக் குறிக்கும் சொல்லோடு ஓசையில் உறவு; பொருளிலோ அன்புக்கும் அதற்கும் வெகு தூரம்!

இச்சொல்லை நாங்கள் தேடிப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் இருக்கன்குடி. சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ளது. இரு கங்கை கூடும் குடி என்பதால் ‘இருகங்கைக்குடி’ என்றிருந்து, பின்னர் இருக்கன்குடி ஆயிற்று என்று பெரியவர்கள் கூறுவர். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு மாரியம்மன் கோயிலை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் லட்சக்கணக்கான மக்கள் வருவார்கள். பலர் நடந்தே வருவார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் நோக்கி வரும் பேருந்து எதுவாயினும் அதில் இடம் பிடிப்பது பெரும்பாடு. திருவிழாவுக்கு முந்திய நாள், வெளியூர்ப் பேருந்து நிலையம் ஒன்றில், எங்கள் பாட்டி அவ்வாறு இடம் பிடிக்கப் போய்ப் படிக்கட்டருகே கீழே விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பேத்தியராகிய நாங்கள் இருவரும் பத்தடி பின்னால் பைகளோடு நின்றிருந்தோம்.

பள்ளி திரும்பியதும் ஆங்கிலப் பாட வேளையில் ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்களுக்குக் கோபம் தீரவில்லை. ‘தள்ளினான்’ என்பதற்கு ‘புஷ்’ என்று எழுதினால் போதாது என்று தோன்றியது. அகராதியைப் புரட்டியதில் ‘ஷவ்’ அகப்பட்டது. ‘சம்படி ஷவ்டு அவர் கிராண்ட்மதர்’, அதாவது ‘யாரோ எங்கள் பாட்டியை நெட்டித் தள்ளினார்’ என்று அழுத்தமாக எழுதிவிட்டோம். சிஸ்டர் அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்கள்: ‘யார்?’

“நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள்.

“இல்லை, சிஸ்டர்.”

“அப்படியானால் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். அது வரையில் இந்தச் சொல் நிற்கட்டும்.”

ஒரு சொல்லை நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பின்னர் சிஸ்டரிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

‘புஷ்’ என்பது பொதுச் சொல். கையையோ உடலையோ ஒரு பொருளின் மேல் வைத்து விசை கொடுத்து அப்பால் நகர்த்துவது எல்லாமே ‘புஷ்’தான். கதவைத் தள்ளுகிறோம், தள்ளுவண்டியைத் தள்ளுகிறோம், தொட்டிலைத் தள்ளி ஆட்டுகிறோம். இவற்றில் முரட்டுத்தனம் ஏதுமில்லை. ‘ஷவ்’ அப்படியன்று. அதில் வேகம் உண்டு, திடீரென்ற தன்மை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளப்படுகின்றவர் என்ன ஆவார் என்ற எண்ணம் தள்ளுகின்றவருக்கு இல்லை என்பது அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. குழந்தையின் தொட்டிலை ‘புஷ்’ செய்யும் தாய் உண்டு. ‘ஷவ்’ செய்யும் தாய் இல்லை.

இவ்விரு சொற்களும் பிறந்த வீடுகளும் வேறு. ‘புஷ்’ என்பது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மருத்துவர் கையைப் பிடித்துப் பார்க்கும் ‘பல்ஸ்’, அதாவது நாடித்துடிப்பும் அதே மூலத்தில் பிறந்ததுதான். இரத்தத்தை இதயம் தள்ளுவதால் அல்லவா நாடி துடிக்கிறது! ‘ஷவ்’ என்பதோ ஆங்கிலேயரின் பழைய வீட்டுச் சொல். மண் வாரும் ‘ஷவல்’ அதற்கு உறவு. காலைத் தேய்த்து நடப்பதையும் சீட்டுக் கலைப்பதையும் குறிக்கும் ‘ஷஃபிள்’ என்பதும், கைகலப்பைக் குறிக்கும் ‘ஸ்கஃபிள்’ என்பதும் அக்குடும்பத்தவையே. ஒரு குடும்பம் முழுவதும் மண்ணும் புழுதியுமாக இருக்கிறது பாருங்கள்.

சொல்லின் வழக்குகள் சிலவற்றைப் பார்ப்போம். மணி அடித்ததும் புத்தகங்களைப் பைக்குள் தாறுமாறாகத் திணிக்கிறோமே, அதற்கும் ‘ஷவ்’ என்றே சொல்லலாம். தமிழில் ‘திணி’ என்பது பொருத்தமான சொல். ‘ஷவ் ஆஃப்’ என்றால் படகைக் கரையிலிருந்து தள்ளிவிட்டுப் புறப்படுதல். அதையே ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் ‘போய்த் தொலை’ என்று பொருள். நம் பள்ளி வளாகத்தில் சொல்லிவிட்டு மதரிடம் அகப்பட்டுக்கொள்ள வேண்டாம். ‘வென் புஷ் கம்ஸ் டு ஷவ்’ என்பது மரபுத்தொடர். தள்ளுவது முற்றி நெட்டித் தள்ளும் அளவுக்குப் போனால், அதாவது நிலைமை கைமீறும் கட்டம் வந்தால், என்பது கருத்து. ‘புஷ்’ முதற்படி, ‘ஷவ்’ அடுத்த படி என்பதை இத்தொடரே காட்டிக்கொடுக்கிறது.

கூட்டத்தில் தோளும் முழங்கையும் பட இடித்துக்கொள்வதற்கு ‘ஜாசில்’ என்று தனிச்சொல் இருக்கிறது. பழங்காலத்தில் குதிரை மீதமர்ந்த வீரர்கள் ஈட்டியேந்தி மோதிய ‘ஜௌஸ்ட்’ என்னும் விளையாட்டிலிருந்து அது வந்தது. நம் பேருந்துப் படிக்கட்டுக்கு எவ்வளவு பொருத்தம்!

ஆங்கிலத்துக்கு இவ்வளவு சொற்கள் இருக்கின்றனவே, தமிழில் ‘தள்ளு’ ஒன்றுதானே என்று எங்களில் சிலர் குறைப்பட்டுக்கொண்டோம். அது அறியாமை. பாட்டி தலைமுறையினர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். தலையால் என்றால் முட்டுவது, தோளால் என்றால் இடிப்பது, காலால் என்றால் எத்துவது, நாலா பக்கமும் என்றால் நெருக்குவது. வேகமாகவும் கோபமாகவும் என்றால் ‘நெட்டித் தள்ளுவது’. ‘ஷவ்’ என்பதற்கு இதனினும் சரியான தமிழ் இல்லை. பின்னின்று முன்செலுத்துவது ‘உந்துவது’. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் ‘பேருந்து’ என்ற சொல்லுக்குள்ளேயே உந்துதல் ஒளிந்திருக்கிறது. பெரிய உந்து என்பதே பேருந்து. தேர்ச்சக்கரத்தின் அடியில் போடும் முட்டுக்கட்டை, இன்று எந்த நல்ல காரியத்தையும் தடுப்பவருக்குப் பெயராகிவிட்டது.

‘தள்ளு’ என்பதுங்கூட ஏழைச் சொல்லன்று. தீபாவளிக்குப் பட்டாசுக் கடைகளில் தள்ளுபடி, நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடி, வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடுதல், காலத்தைத் தள்ளுதல், பாட்டிக்குத் தள்ளாத வயது! இவற்றில் ஒன்றையேனும் ‘ஷவ்’ என்று மொழிபெயர்க்க முடியுமா?

பட்டாசு என்று சொல்லிவிட்டதால், நம் வட்டாரத்துச் சேதி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. தள்ளுதலைக் குறிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல் ‘த்ரஸ்ட்’. கத்தியைச் செருகுவதற்கும் அதுவே. ராக்கெட்டை மேலே கிளப்பும் உந்துவிசைக்கும் அதுவே பெயர். சிவகாசி ராக்கெட் ஒரு காகிதக் குழாய். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை சேர்ந்த மருந்து அதனுள் இருக்கும். அடியில் சிறு துவாரம். மருந்து எரிந்ததும் வாயு அத்துவாரத்தின் வழியே கீழ்நோக்கிப் பீறிடும். அதன் எதிர்விசை குழாயை மேல்நோக்கித் தள்ளும். குச்சி இல்லாவிட்டால் எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாங்கள் மனனம் செய்வதற்கு முன்பே வீட்டு மொட்டை மாடியில் பார்த்துவிட்டோம்.

அந்த ராக்கெட்டைச் செய்யும் அறையிலோ, ஒரு சிறு ‘ஷவ்’ கூட ஆகாது. மருந்து வைத்த பெட்டியைத் தரையோடு இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. தூக்கி மெல்ல வைக்க வேண்டும். உராய்வு ஒன்றே போதும், அறை முழுவதும் போய்விடும். ‘மருந்து உராய்வினால் வெடி விபத்து’ என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரில் சிலருக்கு இதை நாங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அவர்களின் கைகளுக்கு ‘புஷ்’ எது, ‘ஷவ்’ எது என்ற வேறுபாடு அகராதி எழுதியவரைக் காட்டிலும் நன்றாகத் தெரியும்.

இனி, பாட்டியிடம் கேட்ட கதைக்கு வருவோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “பாட்டி, உங்களைத் தள்ளினது ஆணா பொம்பளையா? சட்டை நிறமாவது ஞாபகம் இருக்கா?” என்று காவல்துறை அதிகாரிகளைப் போல் விசாரித்தோம்.

“ஒருத்தரும் தள்ளல தாயி. சனம் நெருக்குச்சு. எனக்குக் கால் நிக்கல, விழுந்துட்டேன்” என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார்; அதைக் கடைசியில் எழுதுகிறோம்.

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. யாருமே தள்ளாமல் ஒருவர் எப்படி விழ முடியும்? மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது சிஸ்டர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதற்குள் இரண்டு மூன்று பேர் நின்றால் தாராளமாக நடக்கலாம். ஆறு, ஏழு பேர் என்று ஆகிவிட்டால், அதன் பிறகு அவர்கள் தனித்தனி மனிதர்களாக நகர்வதில்லை. தண்ணீரைப் போல் நகர்கிறார்கள். பின்னால் ஒருவர் சற்றே சாய்ந்தால் அந்தச் சாய்வு அலையாக முன்னே போகும். ஒவ்வொருவரும் கொடுப்பது சிறு விசைதான். எல்லாம் கூடும்போது, கூட்ட விபத்துகளில் 4500 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையால் இரும்புக் கம்பித் தடுப்புகள் வளைந்திருப்பதாக ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 450 கிலோ எடை மேலே சாய்ந்தாற்போல! அதற்கு நடுவில் அகப்பட்டவர்கள் மிதிபட்டு இறப்பதைவிட, நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டி இறப்பதே அதிகம். பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. ‘கொஞ்சம் முன்னே போங்கள்’ என்று மட்டும் அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

நம் தமிழ்நாட்டிலேயே இவ்வாறு எத்தனை துயரங்கள்! 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகக் குளத்தில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் பெற வந்து நின்ற ஏழைகள் 42 பேர் இறந்தனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் 41 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர்.

இத்தகைய நிகழ்ச்சிகளை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஸ்டாம்பீட்’ என்று எழுதுகின்றன. மாடுகளும் குதிரைகளும் மிரண்டு ஓடுவதற்கு உரிய சொல் அது. நம் பத்திரிகைகள் சில வேளை ‘தள்ளுமுள்ளு’ என்று எழுதுகின்றன. படிப்பவர் மனத்தில் உடனே என்ன தோன்றும்? முண்டியடித்தார்கள், தாங்களே மடிந்தார்கள் என்றுதானே? சொல் ஒன்று மாறினால் குற்றவாளியே மாறிவிடுகிறார். இது எங்கள் கற்பனையன்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று கால்பந்தாட்டம் பார்க்க வந்தவர்கள் நெரிசலில் சிக்கினர். அதனால் உயிரிழந்தவர் 97 பேர். இரசிகர்கள் குடித்துவிட்டு வந்து முரட்டுத்தனமாக நடந்துகொண்டதே காரணம் என்று பழி சொல்லப்பட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோர் விடவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் போராடினர். 2016-இல், விசாரணை மன்றத்தின் நடுவர் குழு, இரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமன்று, கூட்டத்தை நடத்திய காவல்துறையின் தவறுகளே காரணம் என்று கண்டது. ‘யார்?’ என்று எங்கள் ஏட்டில் சிஸ்டர் எழுதிய கேள்விக்கு விடை காண ஒரு நாட்டுக்கே இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நல்லவேளையாகத் தமிழில் ‘நெரிசல்’ என்ற சொல் இருக்கிறது. அதில் தள்ளுபவர் இல்லை, நெரிபடுபவர்தாம் உண்டு. பாட்டி சொன்ன ‘நெருக்குச்சு’ என்பதும் அதுதான். பள்ளிக்கூடம் போகாத பாட்டி சரியான சொல்லைச் சொன்னார். அகராதி பார்த்த நாங்கள் தவறான சொல்லை எழுதினோம்.

மறைக்கல்வி வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டபோது, விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரத்தைக் காட்டினார்கள். பகைமையால் ஒருவனைத் தள்ளி அவன் இறந்தால், தள்ளியவன் கொலைகாரன். பகைமை இன்றித் திடீரெனத் தள்ள நேர்ந்து இறந்தால், அவனுக்கு அடைக்கல நகர் உண்டு என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தள்ளியது ஒரே கைதான். உள்ளே இருந்த மனத்தைப் பார்த்து நீதி வேறாகிறது. மாற்கு நற்செய்தியிலோ, மக்கள் தம்மை நெருக்கிவிடாதபடி படகு ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்குமாறு ஆண்டவர் இயேசு சீடர்களிடம் சொல்கிறார். அவர் மக்களைக் கடிந்துகொள்ளவில்லை. படகை ஏற்பாடு செய்தார். கூட்டத்தை ஒழுங்கு செய்வோர் கவனிக்க வேண்டிய வசனம் இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

படகைப் போன்றே இன்னொரு ஏற்பாடு கதவு. 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்டு நகர் விக்டோரியா மண்டபத்தில் குழந்தைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி நடந்தது. முடிவில் பரிசு கொடுப்பதாகச் சொன்னதும் மேல்தளத்தில் இருந்த பிள்ளைகள் படிகளில் இறங்கி ஓடினர். கீழே இருந்த கதவு ஓராள் நுழையும் அளவே திறந்து, தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தனர். எல்லாரும் நம்மைவிடச் சிறியவர்கள். பரிசு வாங்க ஓடிய குழந்தைகளில் யாரை நாம் ‘ஷவ்’ செய்தார்கள் என்று சொல்வோம்? அதன் பின்னர்தான் பொது இடங்களில் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் வலுத்தது; உள்ளிருந்து அழுத்தினாலே திறந்துகொள்ளும் தள்ளுகம்பிக் கதவும் கண்டுபிடிக்கப்பட்டது. திரையரங்குகளில் அவசர வழிக் கதவின் குறுக்கே கம்பி இருக்கக் கண்டால் நினைவுகொள்ளுங்கள். ஒரு கூட்டத்தின் ‘புஷ்’ஷே அந்தக் கூட்டத்துக்கு வழி திறக்குமாறு செய்த கதவு அது.

நெரிசலில் அகப்பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டுக்கொண்டோம். கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளக் கூடாது. அலை போன திசையோடு போய், அது ஓயும்போது சற்றே குறுக்காக ஓரத்துக்கு நகர வேண்டும். கீழே விழுந்த பையையோ செருப்பையோ குனிந்து எடுக்கவே கூடாது. ஆடி வெள்ளிக்கு எங்கள் ஊருக்கு வருகிறவர்களும், ஆகஸ்டு 15-இல் காமநாயக்கன்பட்டிக்கும் செப்டம்பர் 8-இல் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்களும் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வைக்கலாம்.

கடைசியில் சொல்வதாக எழுதினோமே, பாட்டி சொன்ன அந்த இன்னொரு வார்த்தை இதுதான்:

“என்னைய ஒருத்தரும் தள்ளல. நீங்கதான் என்னைத் தூக்க ஓடியாரப்ப, பாவம், அந்தக் கைப்பிள்ளைக்காரிய நெட்டித் தள்ளிட்டு வந்தீக. அவ கம்பியப் பிடிச்சுக்கிட்டா, பிள்ள தப்பிச்சது.”

எங்களுக்கு அந்த அம்மாளின் முகம் நினைவில்லை. சேலை நிறமும் நினைவில்லை. பை கையில் இருந்தது, பாட்டி கீழே கிடந்தார், இடையில் யாரோ நின்றார்கள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

சிஸ்டரிடம் இதையும் சொன்னோம். ஏட்டைத் திருப்பிக் கொடுத்து, “இப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்” என்றார்கள். பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, கூட்டம் நெருக்கியது, பாட்டி விழுந்தார் என்று முதலில் எழுதினோம். அதற்கடுத்த வரியில், ‘வீ ஷவ்டு அ உமன் வித் அ பேபி’, அதாவது கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை நாங்கள் நெட்டித் தள்ளினோம் என்று எழுதினோம். அந்தக் கட்டுரைக்கு இருபதுக்குப் பதின்மூன்று மதிப்பெண் கிடைத்தது. ‘ஷவ்டு’ என்பதில் ‘இ’ எழுத்தை விட்டுவிட்டதற்காக அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.